“மிஸ், இதுல கூட்டணுமா, பெருக்கணுமா?”: வார்த்தைக் கணக்கைப் படிப்படியாகப் போடுவது எப்படி

சாயங்கால டியூஷனில் நான் அதிகம் கேட்கும் கேள்வி இதுதான். ஆறாம் வகுப்புப் பிள்ளையும் கேட்கும், பத்தாம் வகுப்புப் பிள்ளையும் கேட்கும். கூட்டல் நன்றாகவே வரும், பெருக்கலும் வரும். சமன்பாட்டை எழுதிக் கொடுத்துவிட்டால் இரண்டு நிமிடத்தில் தீர்த்துவிடுவார்கள். அதே சமன்பாடு நாலு வரித் தமிழுக்குள் ஒளிந்திருந்தால் பேனா நகராது.

கணக்கு வராத பிள்ளை என்று வீட்டில் முடிவு கட்டிவிடுகிறார்கள். பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு வராதது கணக்கு அல்ல, கேள்வியைப் படிப்பது. அதனால் இந்த வழிகாட்டியின் பாதி, பேனாவைத் தொடுவதற்கு முன் செய்ய வேண்டிய வேலையைப் பற்றியது.

“எனில்” எங்கே இருக்கிறது?

தமிழ்வழிப் பாடப்புத்தகக் கணக்குகளில் பெரும்பாலானவை ஒரே அச்சில் வார்த்தவை: இப்படி, இப்படி, இப்படி *எனில்*, இதைக் *காண்க*. “எனில்” என்ற சொல்தான் கீல். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் நமக்குக் கொடுத்தது, பின்னால் இருப்பது நம்மிடம் கேட்பது.

முதல் வேலை, அந்த “எனில்” மேல் ஒரு வட்டம். இரண்டாவது, அதற்குப் பின்னால் இருப்பதை முதலில் படிப்பது. ஆமாம், கடைசி வரியை முதலில். இருவரின் வயதும் வேண்டுமா, ஒருவர் வயது போதுமா? ஆரம் கேட்கிறார்களா, விட்டமா? கணக்கை முழுக்கச் சரியாகப் போட்டு, மகன் வயதோடு நிறுத்திவிட்டு, அப்பா வயதை எழுதாமல் வரும் பிள்ளைகள் ஒவ்வொரு தேர்விலும் உண்டு.

கடைசிச் சொல்லையும் பாருங்கள். “காண்க” என்றால் விடை தெரியாது, கண்டுபிடிக்க வேண்டும். “நிறுவுக” என்றால் விடையை அவர்களே சொல்லிவிட்டார்கள், அங்கே எப்படிப் போய்ச் சேர்வது என்பதைத்தான் கேட்கிறார்கள். நிறுவ வேண்டியதையே முதல் வரியில் உண்மை என்று எடுத்துக்கொண்டு தொடங்கினால் அந்தக் கணக்கு அங்கேயே செத்தது.

“முறையே” என்று ஒரு சொல் இருக்கிறது. பேச்சில் யாரும் சொல்வதில்லை, கணக்குப் புத்தகத்தில் மட்டும் வாழ்கிறது. “கூம்பின் ஆரமும் உயரமும் முறையே 7 செ.மீ, 24 செ.மீ” என்றால், சொன்ன வரிசைப்படி ஆரம் 7, உயரம் 24. இந்த ஒரு சொல்லுக்குப் பொருள் தெரியாமல் எண்களை மாற்றிப் போட்ட பிள்ளைகளை எண்ணிச் சொல்ல முடியாது. “அடுத்தடுத்த”, “வேறுபாடு”, “கூடுதல்” ஆகியவற்றையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கூடுதல் என்றால் “அதிகம்” என்று நினைத்துக்கொண்டிருக்கும் பிள்ளைகள் உண்டு. கணக்கில் அது கூட்டி வரும் தொகை.

எண்ணின் வாலைப் பாருங்கள்

இது என் சொந்தக் கண்டுபிடிப்பு இல்லை, தமிழ் இலக்கண வகுப்பில் வேற்றுமை உருபு என்று படித்ததுதான். ஆனால் அதைக் கணக்கு வகுப்பில் யாரும் நினைவூட்டுவதில்லை.

“ஒரு எண்ணிலிருந்து 7-ஐக் கழிக்க” என்றாலும், “7-ஐ ஒரு எண்ணிலிருந்து கழிக்க” என்றாலும் ஒன்றுதான்: எண் – 7. சொற்கள் இடம் மாறியும் பொருள் மாறவில்லை, ஏனென்றால் 7-இன் வாலில் “ஐ” ஒட்டிக்கொண்டே இருக்கிறது. “7-லிருந்து ஒரு எண்ணைக் கழிக்க” என்று வால் மாறினால்தான் 7 – எண் ஆகிறது. பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? எந்த எண் முதலில் கண்ணில் படுகிறதோ அதை முதலில் எழுதுகிறார்கள். தமிழில் அது ஆபத்து. வரிசையை நம்பாதே, வாலை நம்பு.

வகுத்தலும் அப்படியே. “12-ஆல் 60-ஐ வகுக்க” என்பதில் 12 முன்னால் நின்றாலும் மேலே போவது 60. “ஐ” வாங்கியது வகுபடும் எண், “ஆல்” வாங்கியது வகுக்கும் எண்.

“இன்” வந்தால் பெரும்பாலும் பெருக்கல்: 200-இன் 15 சதவீதம், முக்காலின் ஐந்தில் இரண்டு பங்கு.

“விட” கொஞ்சம் வம்பு பிடித்தது. “விட”வுக்கு முன் நிற்பதுதான் அடிப்படை, அதன் மேல்தான் கூட்டவோ கழிக்கவோ வேண்டும். “ஒரு எண்ணின் மூன்று மடங்கை விட 5 குறைவு” என்றால் அடிப்படை மூன்று மடங்கு. ஆக 3 × எண் – 5. “ஒரு எண்ணை விட 5 குறைவானதன் மூன்று மடங்கு” என்றால் முதலில் குறைத்துவிட்டுப் பிறகு பெருக்க வேண்டும்: 3 × (எண் – 5). எண் 10 என்று வைத்துப் பார்த்தால் முதலாவது 25, இரண்டாவது 15. பிள்ளை குழம்பினால் இப்படி ஒரு எண்ணைக் கையில் கொடுத்து வாய்விட்டுப் போடச் சொல்லுங்கள். விளக்கத்தைவிட அது சீக்கிரம் புரியும்.

“ஆக” என்ற ஒரு துணுக்கு ரூபாயையே விழுங்கிவிடும். 500 ரூபாய்ப் பொருளின் விலை 20 சதவீதம் குறைந்தால் 400. 20 சதவீத*மாக*க் குறைந்தால் 100.

எழுத்துக்குப் பதிலாகப் பெயர்

வயதுக் கணக்கு ஒன்றை முழுதாகப் போடுவோம்.

*அப்பாவின் இன்றைய வயது மகனின் வயதைப் போல் 4 மடங்கு. 6 ஆண்டுகளுக்கு முன் அப்பாவின் வயது, மகனின் அப்போதைய வயதைப் போல் 10 மடங்காக இருந்தது எனில், இருவரின் இன்றைய வயதைக் காண்க.*

தேர்வில் வழக்கமான மாறி எழுத்தைப் போட்டுக்கொள்ளுங்கள், தவறில்லை. ஆனால் பழகும்போது “மகன்” என்றே எழுதச் சொல்வேன். வெறும் எழுத்தைப் போட்டுவிட்டு, பாதி வழியில் அது அப்பாவா மகனா என்று மறந்துபோகிறவர்கள் அதிகம்.

அடுத்து ஒரு சின்னக் கட்டம். இரண்டு வரிசை, இரண்டு பத்தி. எண்ணிக்கையில்லாத வயதுக் கணக்குகளை இந்த நாலு அறையே தீர்த்துவைக்கும்.

இன்று: மகன் → மகன், அப்பா → 4 × மகன்
6 ஆண்டுகளுக்கு முன்: மகன் → மகன் – 6, அப்பா → 4 × மகன் – 6

வருடம் பின்னால் போனால் இருவருக்கும் சேர்த்தே போகும். மகனுக்கு மட்டும் 6-ஐக் கழித்துவிட்டு அப்பாவை அப்படியே நிறுத்திவைப்பது வழக்கமான தவறு. கட்டம் போட்டால் அந்த அறை காலியாக நின்று காட்டிக்கொடுத்துவிடும்.

இனி இரண்டாவது வாக்கியத்தைக் கட்டத்தின் கீழ் வரிசையில் பொருத்துங்கள்:

4 × மகன் – 6 = 10 × (மகன் – 6)
4 × மகன் – 6 = 10 × மகன் – 60
60 – 6 = 10 × மகன் – 4 × மகன்
54 = 6 × மகன்
மகன் = 9, அப்பா = 36

போன வருடம் ஒரு பையன் இந்தக் கணக்கில் மகனுக்கு வயது 0 என்று விடை கொண்டுவந்தான். “புத்தகத்துல தப்பா இருக்கு மிஸ்” என்று சாதித்தான். நோட்டைப் பார்த்தேன். அடைப்புக்குறியை விட்டுவிட்டு 10 × மகன் – 6 என்று எழுதியிருந்தான். இரண்டு பக்கமும் –6, அடித்துவிட்டான். 4 மகன் = 10 மகன். மகன் பூஜ்யம். கணக்கு என்னவோ ஒழுங்காகத்தான் நடந்திருக்கிறது, அடைப்புக்குறி ஒன்றுதான் இல்லை. “சரி, பூஜ்யம் வயசுன்னா ஆறு வருஷத்துக்கு முன்னாடி அவன் எங்கடா இருந்தான்?” என்று கேட்டேன். சிரித்துவிட்டு அவனே கண்டுபிடித்தான்.

சரிபார்ப்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். கிடைத்த விடையைச் சமன்பாட்டில் போட்டுப் பார்க்காதீர்கள், *கேள்வியில்* போட்டுப் பாருங்கள். சமன்பாடே தவறாக இருந்தால் தவறான விடையும் அதற்குள் கச்சிதமாகப் பொருந்தும். பூஜ்யம் பொருந்தியதே! கேள்வியிடம் போங்கள்: 36 என்பது 9-இன் 4 மடங்கா? ஆம். ஆறு வருடத்துக்கு முன் 30, 3. பத்து மடங்கா? ஆம். முடிந்தது.

வேகக் கணக்கு: யாருக்கு அதிக நேரம்?

*ஒரு பேருந்து 240 கி.மீ தூரத்தைச் சீரான வேகத்தில் கடக்கிறது. மழையால் வேகம் மணிக்கு 10 கி.மீ குறைந்தால் 2 மணி நேரம் அதிகமாகும் எனில், வழக்கமான வேகம் என்ன?*

நேரம் = தூரம் ÷ வேகம். வழக்கமான நேரம் 240/வேகம். மழை நாள் நேரம் 240/(வேகம் – 10). இவற்றுக்கு இடையே உள்ள வித்தியாசம் 2. எதிலிருந்து எதைக் கழிப்பது?

“வேகம்” பெரியது, “வேகம் – 10” சிறியது, ஆகவே முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழிக்கலாம் என்று கை தானாகப் போகும். கை போகும் முன் ஒரு கேள்வி: மெதுவாகப் போனால் நேரம் கூடுமா, குறையுமா? கூடும். ஆகவே பெரியது மழை நாள் நேரம்.

240/(வேகம் – 10) – 240/வேகம் = 2
240 × வேகம் – 240 × (வேகம் – 10) = 2 × வேகம் × (வேகம் – 10)
2400 = 2 × வேகம் × (வேகம் – 10)
வேகம் × (வேகம் – 10) = 1200

இருபடிச் சமன்பாடாக விரித்தால் வேகம்² – 10 × வேகம் – 1200 = 0. காரணிப்படுத்தினால் (வேகம் – 40)(வேகம் + 30) = 0. வேகம் 40 அல்லது –30. வேகம் குறை எண்ணாக இருக்க முடியாது, ஆகவே மணிக்கு 40 கி.மீ. கேள்வியிடம் போய்ப் பார்த்தால் 240 ÷ 40 = 6 மணி, 240 ÷ 30 = 8 மணி, வித்தியாசம் 2.

அந்த –30-ஐ எல்லோரும் அடித்துவிட்டுப் போகிறோம். அதைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தால், குறியை நீக்கினால் அதுதான் மழை நாள் வேகம். இந்த வகைக் கணக்கில் எப்போதும் அப்படித்தான் வரும், ஏனென்றால் 10 வித்தியாசத்தில் இரண்டு எண்கள், பெருக்கினால் 1200 என்பதுதான் உள்ளே இருக்கும் விஷயம். தூக்கிப்போடும் விடையை வைத்தே நல்ல விடையைச் சரிபார்க்கலாம்.

கழித்தலை மாற்றிப் போட்டிருந்தால்? வேகம்² – 10 × வேகம் + 1200 = 0 என்று வந்திருக்கும். தன்மைகாட்டி (மெய்யான விடை உண்டா என்று காட்டும் b² – 4ac) 100 – 4800 = –4700. மெய்யான மூலமே கிடையாது. தேர்வில் இப்படி வந்தால் பதறி முழுவதையும் அடிக்க வேண்டாம். முதல் வரியில் எதிலிருந்து எதைக் கழித்தோம் என்று மட்டும் திரும்பிப் பாருங்கள்.

ஆள்–நாள் கணக்குக்கும் இதே கேள்விதான் மருந்து. 12 பேர் 15 நாளில் முடிக்கும் வேலையை 10 பேர் எத்தனை நாளில் முடிப்பார்கள்? ஆள் குறைந்தால் நாள் கூடும். 12 × 15 = 180, பத்தால் வகுத்தால் 18 நாள். பன்னிரண்டரை என்று எழுதிய பிள்ளை விகிதத்தில் தவறவில்லை, கூடுமா குறையுமா என்று கேட்காமல் விட்டதில்தான் தவறியது.

சதவீதம்: எதன்மேல்?

ஆடித் தள்ளுபடிப் பலகைதான் இதற்கு நல்ல பாடம். “50% + 20% தள்ளுபடி” என்று எழுதியிருந்தால் 70% என்று வீட்டில் பெரியவர்களே நினைக்கிறோம். 1000 ரூபாய்ச் சேலை முதலில் 500 ஆகிறது. அடுத்த 20% அந்த 500-இன்மேல், அதாவது 100. கட்ட வேண்டியது 400. ஆக மொத்தத் தள்ளுபடி 60%.

சதவீதம் தனியாக நிற்காது, எதன்மேலாவது ஏறித்தான் நிற்கும். அது எது என்று கேள்விக்குப் பக்கத்திலேயே பென்சிலால் எழுதிவிடுங்கள். லாபமும் நட்டமும் அடக்க விலையின் மேல், தள்ளுபடி குறித்த விலையின் மேல்.

*ஒரு வியாபாரி அடக்க விலையை விட 40% கூட்டி விலை குறித்து, 15% தள்ளுபடி தருகிறார் எனில் லாபச் சதவீதம் என்ன?* 25 என்று வாய் முந்திக்கொள்ளும். விலை ஏதும் கொடுக்காத கணக்கில் நாமே 100 என்று வைத்துக்கொள்ளலாம். அடக்கம் 100, குறித்தது 140. தள்ளுபடி 140-இன் 15%, அதாவது 21. விற்றது 119, லாபம் 19%.

தலைகீழாக வரும் கணக்கு இன்னும் ஏமாற்றும். *20% தள்ளுபடிக்குப் பின் 960 ரூபாய் எனில் குறித்த விலை?* 960-இன் 20% ஆன 192-ஐக் கூட்டி 1152 என்று எழுதுவார்கள். ஆனால் தள்ளுபடி போனது 960-இன்மேல் அல்ல, நமக்கு இன்னும் தெரியாத விலையின்மேல். நூற்றில் இருபது போய் எண்பது மிஞ்சியது. அந்த 80%தான் 960. ஆகவே முழு விலை 960 × 100/80 = 1200.

போடும் முன் ஒரு ஊகம்

அளவியலில் இது இல்லாமல் இறங்கவே கூடாது. விட்டம் 1.4 மீ, உயரம் 1 மீ உள்ள உருளை வடிவத் தொட்டியில் எத்தனை லிட்டர் பிடிக்கும்? முதலில் நினைத்துப் பாருங்கள். வீட்டு மாடியில் இருக்கும் ஆயிரம் லிட்டர்த் தொட்டியைவிடக் கொஞ்சம் பெரிது போலத் தெரிகிறது. ஆகவே ஆயிரத்துச் சொச்சம் என்று ஓரத்தில் எழுதுங்கள்.

ஆரம் 0.7 மீ. கன அளவு 22/7 × 0.7 × 0.7 × 1 = 1.54 கன மீட்டர். ஒரு கன மீட்டருக்கு 1000 லிட்டர், ஆகவே 1540 லிட்டர். ஊகத்தோடு ஒத்துப்போகிறது.

விட்டத்தை ஆரம் என்று நினைத்துப் போட்டவருக்கு 6160 லிட்டர் வந்திருக்கும். அது 12,000 லிட்டர் தண்ணீர் லாரியில் பாதிக்கு மேல். ஓரத்தில் ஊகம் இருந்தால் அங்கேயே கை நின்றுவிடும், இல்லாவிட்டால் அடிக்கோடு போட்டு அடுத்த கணக்குக்குப் போயிருப்பார்.

முக்கோணவியலுக்குப் படம்தான் ஊகம். இறக்கக்கோணம் மேலே நிற்பவரின் கண்ணிலிருந்து போகும் *கிடைக்கோட்டுக்கும்* பார்வைக்கோட்டுக்கும் இடையில் இருப்பது, சுவருக்கும் பார்வைக்கோட்டுக்கும் இடையில் இருப்பது அல்ல. பார்ப்பவரின் உயரம் கொடுத்திருந்தால் முக்கோணம் தரையிலிருந்து தொடங்காது. கோபுரத்திலிருந்து 20 மீ தள்ளி நிற்கும் 1.5 மீ உயர மாணவருக்கு உச்சியின் ஏற்றக்கோணம் 60° என்றால், 20 × டேன் 60° = 20 × 1.732 = 34.64 மீ. இது கண் மட்டத்துக்கு மேல் இருக்கும் பகுதி மட்டுமே. முழுக் கோபுரம் 36.14 மீ.

தேர்வுத் தாளில்

தமிழ்நாட்டுப் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வைச் சொல்கிறேன். 100 மதிப்பெண் தாளில் ஒரு மதிப்பெண் கேள்விகள் 14. மீதி 86-க்கு எழுதிக் காட்ட வேண்டும்: இரண்டு மதிப்பெண்ணில் பத்து, ஐந்து மதிப்பெண்ணில் பத்து, எட்டு மதிப்பெண்ணில் செய்முறை வடிவியல் ஒன்று, வரைபடம் ஒன்று. இந்தக் கேள்விகளில் படிநிலைக்கு மதிப்பெண் உண்டு. ஆகவே மனதில் போட்டுவிட்டு விடையை மட்டும் எழுதுவது வீரம் இல்லை, நட்டம். கொடுக்கப்பட்டவை, சூத்திரம், பிரதியிட்ட வரி, விடை, அலகு என்று கீழே கீழே எழுதுங்கள். ஒரு வரியில் ஒரு சமக்குறிக்கு மேல் வேண்டாம். கடைசியில் கூட்டல் தவறினாலும் மேலே உள்ள வரிகளுக்கு மதிப்பெண் கிடைக்கும்.

தாளைப் படிக்கத் தரும் முதல் 10 நிமிடத்தில் கணக்குப் போடத் துடிக்காதீர்கள். விருப்பத் தேர்வு உள்ள பகுதிகளில் எதை எழுதப் போகிறோம் என்று தேர்ந்தெடுக்கும் நேரம் அது. 28-ஆம் கேள்வியும் 42-ஆம் கேள்வியும் கட்டாயம் என்பதால் அவற்றை முதலில் பாருங்கள்.

முட்டிக்கொண்டு நிற்கும்போது

பத்து நிமிடம் முயன்றும் நகரவில்லை என்றால் கணக்கை எளிதாக்கிப் பாருங்கள். *ஆடும் கோழியுமாக 40 தலை, 110 கால் எனில் எத்தனை ஆடு?* திகைப்பாக இருந்தால் ஆடே இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். 40 கோழிக்கு 80 கால். மீதி 30 கால். ஒரு கோழியை எடுத்து ஆட்டை வைத்தால் இரண்டு கால் கூடும், ஆகவே 15 ஆடு. ஒருங்கமை சமன்பாடு தெரியாத ஆறாம் வகுப்புப் பிள்ளையும் இதைப் போட்டுவிடும்.

கைடைத் திறப்பதைத் தப்பு என்று சொல்லமாட்டேன். ஒரு வரி மட்டும் பார்த்துவிட்டு மூடுங்கள். முழுத் தீர்வையும் படித்துவிட்டால், மறுநாள் அதே கணக்கை வெற்றுத் தாளில் போட்ட பிறகுதான் அது உங்கள் கணக்கு.

பெற்றோருக்கு ஒன்று. பிள்ளையின் கையிலிருந்து பேனாவை வாங்காதீர்கள். “என்ன கேட்டிருக்காங்க? என்ன குடுத்திருக்காங்க? விடை பெருசா வருமா, சிறுசா வருமா?” இந்த மூன்றைக் கேட்க உங்களுக்குப் பத்தாம் வகுப்புக் கணக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை.

என் பிள்ளைகள் எல்லோரிடமும் ஒரு “தப்பு நோட்டு” இருக்கும். விடை எழுதுவதற்கு அல்ல, ஏன் தவறியது என்று ஒரே வரியில் எழுதுவதற்கு. “கவனக்குறைவு” என்று எழுதினால் ஒத்துக்கொள்ளமாட்டேன், அது ஒன்றும் சொல்லவில்லை. “விட்டத்தை ரெண்டால வகுக்கல”, “7-ஐ முன்னாடி எழுதிட்டேன், வாலைப் பாக்கல”, “செ.மீ-யை மீட்டரா மாத்தல” என்று இருக்க வேண்டும். தேர்வுக்கு முந்தைய நாள் ராத்திரி புரட்டுவதற்குப் பாடப்புத்தகத்தைவிட இந்த நோட்டு நல்லது, நாலு பக்கத்துக்குள் முடிந்துவிடும். பூஜ்யம் வயது கொண்டுவந்த பையனின் நோட்டில் முதல் வரி: “பத்து மடங்கு 6-க்கும் உண்டு.”